உள்ளே இருக்கும் வலை

மஸ்கெலியா
2004 ஜனவரி 21

பழனியாண்டிக்கு,

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். ஆறு வருடங்களாக நான் உனக்கு ஒரு வரிகூட எழுதாததைப் பெருந்தன்மை என்று நீ எடுத்துக்கொண்டிருந்தால் அது உன் தவறு. எழுதுவதற்குக் காரணம் இருக்கவில்லை. இப்போது வந்திருக்கிறது. என் அடிவயிற்றின் வலப்பக்கத்தில், உடுத்திய சாரத்தை நனைத்துக்கொண்டு அது இருக்கிறது.

செப்டெம்பரில் கொழும்பில் எனக்குச் செய்த சத்திரசிகிச்சையைப் பற்றி உனக்குத் தெரியும். வயிற்றைக் கிழிக்காமல், மூன்று சிறு துளைகள் போட்டு, கமரா விட்டுப் பார்த்து, குடல் பிதுங்கும் இடத்தில் உட்புறமாக ஒரு வலையை வைத்தார்கள். நாளாக ஆகச் சதை வலைக்கண்களுக்குள் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு அது உங்கள் உடம்புதான் என்றார் டொக்டர். அப்பாவுக்கு வந்த அதே குடலிறக்கம். அப்பா அதைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலை செய்து செத்தார். நான் அப்படிச் சாக விரும்பாமல்தான் கொழும்புக்குப் போனேன்.

வீடு திரும்பிய பிறகு அந்த இடத்தில் ஒரு வீக்கம் வந்தது. எலுமிச்சம்பழம் அளவு. நோகவில்லை. தொட்டால் தண்ணீர்ப் பைபோல அசைந்தது. பேச்சியம்மா என்னைக் கேட்காமல் உனக்கு ஆள் அனுப்பினாள். புருஷனைவிடப் புருஷனின் தம்பியை நம்புகிற மனைவி எனக்கு வாய்த்திருக்கிறாள். நீ வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து மருந்துப் பெட்டியோடு றொசல்லயில் ரயில் ஏறி, ஹட்டனில் பஸ் மாறி வந்தாய். வந்தவன் வீக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தாய். ஊசியைக் குத்தி அரைக் கோப்பை மஞ்சள் தண்ணீர் எடுத்தாய். வீக்கம் வற்றியது. நீ தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாய்.

அது உடம்பு தானாகவே உறிஞ்சிக்கொள்ள வேண்டிய தண்ணீர். வீங்கும், வற்றும், யாரும் அதைத் தொடக் கூடாது என்று கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார். அதை நான் உன்னிடம் சொன்னேனா இல்லையா என்பது இப்போது கேள்வி அல்ல. மருந்துப் பெட்டியோடு வருகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடந்ததைக் கேள். டிசெம்பர் முழுவதும் அந்த இடம் கனத்தது. தைப்பொங்கல் அன்று சிவந்தது. நேற்று கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது தொடையில் ஏதோ சூடாக வழிந்தது. மழையில் நனைந்து கிடந்த சாக்கின் வாடை. முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தியிருந்தால் அதட்டியிருப்பேன். அவர்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் பாடசாலை அதிபர் நாற்காலியில் என்னை உட்காரவிடாமல் செய்த மொட்டைக் கடிதத்தை நான் மறக்கவில்லை. "தகப்பன் கணக்கப்பிள்ளை என்று சொல்லித் திரிகிறார், தகப்பன் கொழுந்துச் சாக்குத் தூக்கியவர்" என்று அதில் ஒரு வரி இருந்தது. மஸ்கெலியாவில் அது யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். அன்று பெயர் போடாமல் குத்தினாய். இந்த முறை நேரில் வந்து குத்தியிருக்கிறாய்.

நான் எழுதும் எதற்கும் கையொப்பம் இடுகிறவன்.

க. நல்லமுத்து, பி.எஸ்ஸி.
பட்டதாரி ஆசிரியர்


றொசல்ல
2004 ஜனவரி 26

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரி மீனம்மா வாசித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "இதுக்குப் பதில் எழுதாதீங்க, நேர்ல போங்க" என்றாள். நேரில் வந்தால் நீங்கள் கதவைச் சாத்துவீர்கள். சாத்திவிட்டு உள்ளே படுத்துக்கொண்டு யாருக்கும் காட்டாமல் இருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வருகிறதா? சிவப்பு பரவுகிறதா? வயிறு உப்பி வாந்தி வந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது. வழிகிற இடத்தை அமுக்கிப் பிதுக்காதீர்கள். அண்ணி உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்க வருவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்துத் தோல் மரத்துப் போயிருக்கிறது என்று அன்றைக்கே சொன்னீர்கள். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் வலையைப் பற்றிச் சொல்லுங்கள். வெளியில் மூன்று தழும்புகள் மட்டும்தான் தெரியும், அவையும் கொப்புளத் தழும்பு மாதிரி. நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரணக் கட்டி என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கொழும்புக்குப் போக முடியாவிட்டால் கண்டிக்காவது போங்கள்.

ஊசி போட்டது நான்தான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அன்று நீங்கள் அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இத எடுத்து விடுடா. திங்கக்கிழமை கல்விக் கந்தோர்ல இருந்து ஆபீசர்மார் வர்றாங்க. இந்தப் பொதியத் தூக்கிக்கிட்டு அவங்க முன்னால எப்படி நிக்கிறது?" டொக்டர் தொடக் கூடாது என்றார் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் என்னோடு பேசினீர்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒருவருக்கு முழங்காலில் நீர் கட்டினால் நாங்கள் எடுத்துவிடுவோம். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் வரிசையில், நின்று பேர் கொடுக்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. "நாளைக்கு மலைக்கு வேலைக்குப் போற மாதிரி ஆக்கி விடுங்கய்யா" என்றுதான் எல்லாரும் வந்து நிற்பார்கள். நானும் ஆக்கிவிடுவேன். இத்தனை வருடமாகக் கை அதற்கே பழகிவிட்டது. உள்ளே வலை இருக்கிற வீக்கம் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதையும் திங்கட்கிழமைக்குள் வற்றவைத்துவிட வேண்டிய வீக்கமாகவே பார்த்தேன்.

மொட்டைக் கடிதத்தை நான் எழுதவில்லை. நீங்கள் நம்பவில்லை. இன்றைக்கு அதற்காகச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் எழுந்து வந்து போடுங்கள்.

தம்பி
பழனி


மஸ்கெலியா
2004 பெப்ரவரி 9

பழனியாண்டிக்கு,

உன் வைத்திய ஆலோசனைகள் கிடைத்தன. ஹட்டனில் ஒரு தனியார் டொக்டரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் விட்டது, துளை மூடியது. ஐந்தாறு நாள் சாரம் நனையவில்லை. உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். நேற்று முன்தினம் மறுபடி திறந்துகொண்டது. இப்போது இரண்டு இடத்தில் வழிகிறது.

வலையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ குதிப்பாய். சொன்னால் எடுக்க வேண்டும் என்பார். அதைக் கேட்க எனக்குக் காது இல்லை.

வெட்கத்தோடு சிரிப்பும் வருகிறது. பக்கத்து வீட்டு மூக்கனுக்குப் பேச்சியம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மருந்து வாங்கி வந்து கொடுத்தவன் வாசலில் நின்று, "என்னா மாஸ்டர், வலைய வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு வீட்டுல படுத்திருக்கீங்க? டேமுக்கு வந்தா மீனாவது புடிக்கலாம்" என்றான். பேச்சியம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபோது அந்த இடத்தில் ஏதோ இழுத்தது, கொடியில் காயும் துணி முள்ளில் மாட்டிக்கொண்டதைப் போல. சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூக்கன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து நான் தும்முவதற்குப் பயப்படுகிறேன். பஸ்ஸில் பள்ளம் வந்தால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் எழுதும்போது என் குடல் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தம் வந்தால் பயம். வராவிட்டால் அதைவிடப் பயம். சோறு இறங்க மறுக்கிறது. பேச்சியம்மா தட்டைப் பார்க்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பா செத்தபோது நீ கம்பளையில் படித்துக்கொண்டிருந்தாய். கொழுந்து லொறியில் சாக்குகளின்மேல் அப்பாவைப் படுக்க வைத்து ஹட்டனுக்குக் கொண்டுபோனபோது கூட இருந்தவன் நான். பிதுங்கியது உள்ளே போகாமல் இறுகிவிட்டது. துணியை அவிழ்க்க விடவில்லை. அவிழ்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பச்சையாக வாந்தி எடுத்தார். லொறியை நிறுத்தச் சொல்லி நான் டிரைவரைத் தட்டினேன். நிறுத்த வேண்டாம், ஓட்டு என்றார் அப்பா. ஹட்டன் வந்தபோது என் கையைப் பிடித்த பிடி அப்படியே இருந்தது, அவர் இல்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்.

எனக்குள் இருக்கும் இந்த வலை அப்பா கட்டியிருந்த துணி. அதை அவிழ்ப்பவர்களிடம் என்னைப் போகச் சொல்கிறாய். அவிழ்த்தால் நானும் சாக்கின்மேல் படுக்க வேண்டியதுதான். அதனால் நான் எங்கும் போவதாக இல்லை. மாத்திரை இருக்கிறது. வற்றினால் வற்றட்டும்.

இதையெல்லாம் உனக்கு எழுதியது உன்மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துவிடாதே. ஊசி போட்டவனுக்கு அதன் முடிவும் தெரிந்திருக்க வேண்டும்.

க. நல்லமுத்து


றொசல்ல
2004 பெப்ரவரி 16

அண்ணே,

அண்ணி நேற்று தோட்டத்துக் கந்தோருக்குப் போன் பண்ணினார்கள். கிளாக்கர் ஐயா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனில் முதலில் அண்ணி அழுகிற சத்தம்தான் வந்தது. பிறகு, "நடுக்கம் வருது தம்பி, ரெண்டு கம்பளி போத்தியும் நிக்கல, பாயி எல்லாம் சீழு" என்றார்கள். அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியதை நான் வாசித்தேன். வாசித்த அன்றே நுவரெலியாவுக்குப் போய் எனக்குத் தெரிந்த ஒரு சத்திரசிகிச்சை டொக்டரிடம் கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை, யாரோ தெரிந்தவர் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கிருமி வலையின் நூலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அங்கே இரத்தம் போகாது, அதனால் மருந்தும் அதிகம் போகாது. மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், விட்டால் எழும்பும். முதலில் ஸ்கேன் எடுத்துச் சீழ் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதை வெளியே எடுத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள். சில பேருக்கு அதோடு சரியாகிவிடுமாம். சரியாகாவிட்டால் வலையை எடுத்தே ஆக வேண்டும். நடுக்கம் வந்த பிறகு காத்திருப்பது ஆபத்து. கிருமி இரத்தத்துக்குப் போனால் பிறகு வலை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

உங்கள் பயத்தையும் கேட்டேன். வலையை எடுத்தால் குடல் கொட்டிவிடாது, அண்ணே. இத்தனை மாதத்தில் அந்த இடத்தில் தழும்புச் சதை தடித்திருக்கும். சில பேருக்கு அதுவே தாங்கிக்கொள்ளும். சில பேருக்கு இறக்கம் திரும்ப வரும். வந்தால், புண் நன்றாக ஆறிய பிறகு வேறு மாதிரித் தைக்கலாம். அப்பாவுக்கு நடந்தது வேறு. அப்பாவை வெட்டித் திறந்திருந்தால் பிழைத்திருப்பார். அவிழ்க்காமல் விட்டதால்தான் போனார்.

இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். உங்களைக் குத்திக் காட்டுவதாக நினைப்பீர்கள். உங்களுக்கு அன்று பத்தொன்பது வயது. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைத் தவிர நீங்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? நான் அதற்கும் இல்லாமல் போனேன்.

டொக்டர்கள் யார் ஊசி போட்டது என்று கேட்பார்கள். என் பேரைச் சொல்லுங்கள். எப்போது, எந்த ஊசி, எவ்வளவு எடுத்தேன் என்று அவர்கள் என்னிடம் கேட்கட்டும். வேலை போனால் போகட்டும். மீனம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இந்தக் குவாட்டர்ஸை விட்டுப் போனால் எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமைக்கு முன்னால் வேன் கிடைக்கவில்லை, அன்று காலையிலேயே வேனோடு வருகிறேன். கதவைச் சாத்துங்கள், திட்டுங்கள், பேசாமல் இருங்கள். ஏறினால் போதும். அதற்கு முன்னால் மூச்சு வாங்கினாலோ பேச்சுத் தடுமாறினாலோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மூக்கன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு உடனே புறப்படுங்கள். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

பழனி


கண்டி
2004 பெப்ரவரி 24

தம்பி,

நீ ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிட்டாய். உள்ளே வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொல்வதையெல்லாம் கேட்கிற பழக்கம் உனக்கு எப்போதிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வேனில் நாம் பேசவில்லை. கினிகத்தேனை வளைவுகளில் நீ என் வயிற்றின்மேல் தலையணையை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாய். பாதி வழியில் உனக்குக் குமட்டியது. சின்ன வயதில் ஹட்டன் பஸ்ஸில் எடுத்தது போலவே வாந்தி எடுத்தாய். தோட்டத்துக்கே வாந்தி மாத்திரை கொடுக்கிறவன் தனக்கு ஒன்று எடுத்து வரவில்லை. எனக்கென்று பேச்சியம்மா கொடுத்த பையை உன்னிடம் நீட்டினேன். அதை நீ மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். வேன் நாறக் கூடாது என்பதற்காகக் கொடுத்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். வலையின் கீழ்ப்பாதி சீழில் மிதக்கிறது, மேல்பாதி சதையோடு ஒட்டியிருக்கிறது. மூன்று நாள் மருந்து ஏற்றியதில் நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் சீழ் நிற்கவில்லை. நாளை காலையில் திறக்கிறார்கள். வலை சுலபமாக வந்தால் முழுவதையும் எடுப்பார்கள். இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதைப் பிடுங்க மாட்டார்கள், கொஞ்சம் விட்டுவிடக்கூடும். புண்ணைத் தைக்காமல் திறந்தே வைத்து அடியிலிருந்து ஆறவிடுவார்களாம். டொக்டர் சிங்களவர், என்னைவிட இளையவர். ஒரு தாளில் வயிற்றை வரைந்து காட்டி, "பய வென்ன எப்பா" என்றார். பயப்படாதே என்று ஒரு மனிதன் சொல்லிக்கொண்டே பென்சிலால் என் குடலுக்குப் பக்கத்தில் கோடு போடுகிறான். நான் தலையாட்டினேன். தாளைப் பார்த்தேனே தவிர எதுவும் மனதில் ஏறவில்லை.

பக்கத்துக் கட்டில் இன்று காலையில் காலியானது. வீட்டுக்குப் போனாரா என்று தாதியிடம் கேட்கவில்லை. மெத்தையை உதறிப் புது விரிப்புப் போட்டார்கள்.

மத்தியானம் டொக்டர் மாணவர்களோடு வந்தார். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யார் ஊசி போட்டது என்று கேட்டார். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லத்தான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். எப்போது குத்தியது, எவ்வளவு எடுத்தது, பிறகு எப்போது கனத்தது, எப்போது சிவந்தது, எல்லாம் சொன்னேன். ஆளை மட்டும் சொல்லவில்லை. உன்மேல் இரக்கம் என்று நினைக்காதே. அத்தனை பேர் முன்னால் "என் தம்பி" என்று தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் வாய் வரவில்லை.

பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு இருந்தது என்றேன். அப்பா என்ன வேலை செய்தார் என்றார். சாக்குத் தூக்கினார் என்று சிங்களத்தில் சொன்னேன். மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இந்த ஒன்றுக்காக நான் முப்பது வருடம் எத்தனை பேருக்கு எத்தனை கதை சொல்லியிருக்கிறேன் என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். மஸ்கெலியாவில் அது யாருக்கும் தெரியாது என்று உனக்கு எழுதினேன். அப்பாவோடு சாக்குத் தூக்கியவர்கள் எத்தனை பேர் எந்தெந்தத் தோட்டங்களுக்கு மாறிப் போனார்கள் என்று நான் ஒருபோதும் விசாரித்ததில்லை.

சத்திரசிகிச்சைக்கு ஒப்பம் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். படுத்தபடியே போட்டதில் அது என் கையொப்பம் மாதிரியே இல்லை. பேச்சியம்மா பார்த்துவிட்டு, "என்னாங்க, மூக்கன் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தின் கீழும் போடலாம் என்று பேனாவை வைத்தேன். பெயரைப் போட்டால் கடிதம் முடிந்துவிடும். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அண்ணன் எழுதி முடித்த கடைசிக் கடிதம் என்று மீனம்மா இதை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவாள். முடிக்காமல் விட்டது உன்னிடம் கிடந்தால், அதை முடிக்க நான் எழுந்து வர வேண்டியிருக்கும். பி.எஸ்ஸி. படித்தவன் யோசிக்கிற யோசனை இல்லை இது. இன்று என்னிடம் வேறு யோசனை இல்லை.

என்னைப் பற்றி ஒரு காலத்தில் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. இப்போது உனக்கு ஒன்று வரட்டும். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க உனக்கு ஒரு நிமிடம் ஆகாது. என்னைப் பற்றி வந்ததை யார் எழுதியிருப்பார்கள் என்று நான் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். அதற்கு நாளைக்குப் பிறகும் எனக்கு நாட்கள் வேண்டும்.

பேச்சியம்மா தபாற்பெட்டி பக்கம் போகத் தயாராக நிற்கிறாள். கீழே இடம் விட்டிருக்கிறேன். கையொப்பம் இல்லாமலே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.